சி, எச் சேர்ந்தால் எத்தனை குரல்?

பதினைந்து வருடத்துக்கு முன்னால் புதுச்சேரி மிஷன் வீதிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலையில் இருந்தேன். ஈய எழுத்தெல்லாம் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டைப் அடிப்பதுதான் வேலை, பெயர் மட்டும் பழசு. கடற்கரைப் பக்கத்து உணவகம் ஒன்றின் மெனு கார்டு வந்தது. ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே தமிழ் எழுத்திலும் போட்டுத் தர வேண்டும். 'ஷெஃப் ஸ்பெஷல்' என்று வர வேண்டிய இடத்தில் நான் 'சீஃப் ஸ்பெஷல்' என்று அடித்துவிட்டேன். சி, எச், இ, எஃப் என்று நாலே எழுத்து. சீஃப் மினிஸ்டர், சீஃப் கெஸ்ட் என்று அழைப்பிதழ் அடித்தே பழகிய கைக்கு அது சீஃபாகத்தான் தெரிந்தது. இருநூறு கார்டு அச்சாகி, லேமினேஷனும் முடிந்த பிறகுதான் உணவகக்காரர் பார்த்தார். "எங்க கடையில முதலமைச்சரா சமைக்கிறாரு?" என்று கேட்டார். கார்டுக்கான செலவை என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

சந்து முனை டீக்கடையில் தினமும் வந்து உட்காரும் சொல்தா தாத்தா ஒருவர் இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "நீ தப்பா அடிக்கலை தம்பி. ரெண்டும் ஒரே வார்த்தைதான். ரெண்டுக்கும் அர்த்தம் தலை" என்றார். அன்றைக்கு அது ஆறுதலுக்குச் சொன்ன பேச்சு என்று நினைத்தேன். அப்புறம் அகராதிகளைப் புரட்டியபோதுதான் தாத்தா சொன்னது அச்சு அசலாக உண்மை என்று தெரிந்தது.

லத்தீனில் தலைக்குக் 'காபுட்' என்று பெயர். அது பழைய பிரெஞ்சில் 'சீஃப்' ஆயிற்று. 1066-இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அவர்களுடைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. ஊருக்குத் தலை, படைக்குத் தலை என்று பொருள். பல நூற்றாண்டு கழித்து, 19-ஆம் நூற்றாண்டில், அதே சொல் பிரான்சிலிருந்து இரண்டாம் முறை கப்பலேறி வந்தது. அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ஷெஃப்' என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். இந்த முறை வந்தவர் சமையலறையின் தலை. ஒரே ஆள் இருபது வயதில் ஒரு முறையும் அறுபது வயதில் ஒரு முறையும் நம் வீட்டுக்கு வந்து, இரண்டு பேர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

ஆங்கிலத்தில் சி, எச் சேர்ந்து நிற்கும் சொற்களைப் படிக்கும்போது நம் பிள்ளைகள் திணறுவது இதனால்தான். ஒரே ஜோடி எழுத்து மூன்று குரலில் பேசும். 'அச்சு' என்பதில் வரும் ச் ஒன்று: சேர், சைல்ட், லஞ்ச். 'ஷாமியானா'வில் வரும் ஷ் இன்னொன்று: ஷெஃப், மெஷின், பாராஷூட். 'அக்கா'வில் வரும் க் மூன்றாவது: ஸ்கூல், கெமிஸ்ட், ஸ்டமக். எது எங்கே என்று மனப்பாடம் செய்துதான் தீர வேண்டும் என்று பல பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தேவையில்லை. எந்தக் குரல் என்பது அந்தச் சொல் எந்த ஊரிலிருந்து, எந்தக் காலத்தில் வந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஊர் தெரிந்தால் அர்த்தம் பாதி வந்துவிடும்.

நமக்கு இது புதிய சங்கதியும் இல்லை. நம் ச-வையே பாருங்கள். பச்சையில் ஒரு ஒலி, மஞ்சளில் இன்னொன்று, பாசத்தில் மூன்றாவது. யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, ஆனாலும் தப்பாமல் வருகிறது. ஏனென்றால் தமிழில் பக்கத்து எழுத்தே ஒலியைச் சொல்லிவிடும். இரட்டித்தால் ஒன்று, ஞ-வை அடுத்தால் ஒன்று, இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் ஒன்று. ஆங்கிலத்தில் அந்த வசதி குறைவு. அங்கே பக்கத்து எழுத்தைவிட, சொல்லின் பூர்வீகத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.

வீட்டுச் சொற்கள்

முதல் கூட்டம், அச்சு ச். இவை பெரும்பாலும் இங்கிலாந்தின் மண் சொற்கள். சின் என்றால் முகவாய், சீக் என்றால் கன்னம், சூ என்றால் மெல்லுவது. சைல்ட், சிக்கன், சீஸ், சர்ன் (தயிர் கடைவது), சாஃப் (உமி, பதர்) என்று அடுப்பங்கரையையும் கொல்லைப்புறத்தையும் சுற்றி வரும். இதில் கவனிக்க வேண்டியது, இந்த ச் எல்லாம் ஒரு காலத்தில் க் ஆக இருந்தவை என்பது. முகவாய்க்கு ஜெர்மானியர்கள் இன்றும் 'கின்' என்கிறார்கள். சீஸ் அவர்களுக்குக் 'கேஸ'. சர்ச் அவர்களுக்குக் 'கிர்ஷ', ஸ்காட்லாந்துக்காரர்களுக்குக் 'கிர்க்'. இங்கிலாந்துக்காரர்கள் மட்டும் இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் வந்த க்-கை மெல்ல மெல்ல ச் ஆக்கிவிட்டார்கள். 'கி' என்று சொல்லிப் பாருங்கள், 'கா' என்றும் சொல்லிப் பாருங்கள். கி சொல்லும்போது நாக்கு கொஞ்சம் முன்னால் வரும். இன்னும் கொஞ்சம் முன்னால் நழுவினால் சி.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பெங்களூரில் இருக்கும் என் சித்தி வீடு. அங்கே கன்னடத்தில் காதுக்குக் 'கிவி' என்பார்கள். நமக்குச் செவி. சிவப்புக்குக் 'கெம்பு' என்பார்கள். நகைக்கடையில் கெம்புக்கல் என்று ஒரு சிவப்புக் கல் விற்பார்களே, அந்தக் கெம்புதான். நமக்குச் செம்மை, செம்பு. சிறியதற்கு அவர்களுக்குக் 'கிரு', நமக்குச் சிறு. மூல மொழியில் இருந்த க-வை அவர்கள் அப்படியே வைத்துக்கொண்டார்கள். நாம் இ, எ-க்கு முன்னால் ச ஆக்கிவிட்டோம். கின் என்பது சின் ஆனதும் கிவி என்பது செவி ஆனதும் ஒரே மாதிரியான நழுவல்தான். ஐயாயிரம் மைல் தள்ளி இருக்கிற, எந்த உறவும் இல்லாத இரண்டு மொழிகளில், நாக்கு ஒரே இடத்தில் வழுக்கியிருக்கிறது. அதற்கப்புறம் ஆங்கிலத்தின் சி, எச் மேல் எனக்கு இருந்த எரிச்சல் பாதி குறைந்துவிட்டது.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்த சொல் 'சீப்'. மலிவு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அதற்கு வியாபாரம், பேரம் என்று பொருள். லண்டனில் சீப்சைட் என்று ஒரு தெரு உண்டு. மட்டமான தெரு என்று நினைத்துவிடாதீர்கள், சந்தைத் தெரு என்று அர்த்தம். 'நல்ல சீப்' என்றால் நல்ல பேரம் என்று பேசிப் பேசி, 'நல்ல' உதிர்ந்து போய், சீப் என்ற ஒற்றைச் சொல்லே மலிவைக் குறிக்க ஆரம்பித்தது. பிரெஞ்சிலும் மலிவான பொருளை 'பொன் மார்ஷே' என்பார்கள், அதாவது நல்ல சந்தை. பெரிய மார்க்கெட்டில் தக்காளி பேரம் பேசும் யாருக்கும் இந்த ஒற்றுமைக்கு விளக்கம் வேண்டியிருக்காது.

நார்மன்காரர்கள் கொண்டு வந்த பிரெஞ்சுச் சொற்களும் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. சேர், செயின், சேம்பர், சேஞ்ச், சார்ஜ், சாப்டர், மெர்ச்சன்ட். இவை பிரெஞ்சுதானே, ஏன் ஷ் வரவில்லை? அந்தக் காலத்துப் பிரெஞ்சில் சி, எச் என்றால் ச்தான். 13-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் பிரான்சில் அது ஷ் ஆக மாறியது. இங்கிலாந்துக்குப் போய்விட்ட சொற்களுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. புதுச்சேரியிலிருந்து பாரிசில் குடியேறிய குடும்பங்களில் தாத்தா காலத்துத் தமிழ் அப்படியே உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே நாம் எப்போதோ விட்டுவிட்ட சொல்லை அங்கே பேரப்பிள்ளை சொல்லும். அந்த மாதிரிதான்.

காபுட்டின் பிள்ளைகளை ஒருமுறை எண்ணிவிடலாம். சாப்டர் என்றால் 'சின்னத் தலை', புத்தகப் பகுதியின் தலைப்பு. அச்சீவ் என்றால் ஒரு வேலையைத் தலைவரை, அதாவது முடிவுவரை கொண்டுபோவது. மிஸ்சீஃப் என்றால் தலை, அதாவது முடிவு, கெட்டதாகப் போவது. கெர்சீஃப் என்றால் தலையை மூடும் துணி. அதைக் கையில் வைத்துக்கொண்டால் ஹேண்ட்கெர்சீஃப். பிரித்துச் சொன்னால் 'கைத் தலைமூடி'. வேர்வையைத் துடைக்கும் துணிக்கு இவ்வளவு பெரிய வரலாறு.

ஷ் என்றால் பிரான்சு

இரண்டாவது கூட்டம் சமீபத்தில் வந்தது. சமீபம் என்றால் பெரும்பாலும் 17-ஆம் நூற்றாண்டு முதல். பிரெஞ்சு என்றால் நாகரிகம் என்று ஐரோப்பாவே நினைத்த காலம். அதனால் ஷ் வரும் சொற்கள் சாப்பாடு, உடை, அலங்காரம், புதுக் கருவி இவற்றையே சுற்றும். ஷாம்பெயின், ஷிக், ஷாண்டலியர், மஸ்டாஷ். எங்கள் ஊர் பேக்கரியில் கிடைக்கும் பிரியோஷ், கீஷ். குழந்தைகளைப் பகலில் விட்டுப் போகும் கிரெஷ், இதைக் கிரீச் என்று படிப்பவர்கள் நிறைய பேர்.

ஷாண்டலியருக்கும் ஒரு பழைய அண்ணன் உண்டு: சாண்ட்லர். இரண்டுக்கும் வேர், மெழுகுவர்த்தியைக் குறிக்கும் லத்தீன் சொல். முன்னதாக வந்தவர் ச், மெழுகுவர்த்தி விற்பவர். பிந்தி வந்தது ஷ், மெழுகுவர்த்திகள் தொங்கிய சரவிளக்கு. கப்பலுக்கு வேண்டிய சாமான் சப்ளை செய்பவரை ஷிப் சாண்ட்லர் என்று துறைமுகங்களில் இன்றும் சொல்கிறார்கள். சீஃப், ஷெஃப் கதைதான் மறுபடியும்.

ஷோஃபர் என்றால் கார் ஓட்டுபவர் என்று தெரியும். பிரெஞ்சில் அதன் நேர் பொருள் 'சூடு பண்ணுபவர்'. முதலில் வந்த கார்களில் சில நீராவியில் ஓடின, கொதிகலனுக்கு நெருப்பு போட ஆள் வேண்டும். பாராஷூட்டில் ஷூட் என்பது விழுதல், பாரா என்பது தடுப்பது. விழாமல் காப்பது என்று பொருள். அச்சகக்காரனுக்கு நெருக்கமான இரண்டு சொற்களும் இங்கே உண்டு. பிரோஷர் என்றால் 'தைத்தது'. நாங்கள் நடுவில் சென்டர் பின் அடித்துத் தரும் அந்தச் சின்னப் புத்தகம், ஒரு காலத்தில் நூலால் தைக்கப்பட்டது. இன்னொன்று கிளிஷே. மறுபடி மறுபடி அதே படத்தை, அதே வரியை அடிப்பதற்காக உலோகத்தில் வார்த்து வைத்திருந்த தகட்டுக்குப் பிரெஞ்சு அச்சகங்களில் அதுதான் பெயர். இங்கே பழைய அச்சகங்களில் பிளாக் என்போமே, கிட்டத்தட்ட அதுதான். எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சுக்குக் கிளிஷே என்று பெயர் வந்தது இப்படி. 'மணமக்கள் பதினாறும் பெற்று' என்று அழைப்பிதழுக்கு அழைப்பிதழ் நான் ஒட்டிய வரியை எண்ணினால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஷ் சொல்லை விட்டுவிட்டேனே. செவாலியே! 1995-இல் சிவாஜி கணேசனுக்குப் பிரெஞ்சு அரசு கொடுத்த பட்டம். அப்போதிலிருந்து 'செவாலியே' என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'ஷெவாலியே', குதிரைவீரன் என்று பொருள். ஷெவால் என்றால் குதிரை. எழுத்தில் கடைசியில் ஆர் உண்டு, பிரெஞ்சில் அதை உச்சரிப்பதில்லை. நம் பத்திரிகைகள் அதைச் சரியாகவே பிடித்துக்கொண்டன. ஆங்கிலத்தில் ஷிவல்ரி என்றால் வீரமும் கண்ணியமும் கலந்த நடத்தை, அந்தக் குதிரைவீரனின் குணம். குதிரைப்படைக்கு ஆங்கிலத்தில் கேவல்ரி. அதுவும் இதே குதிரைதான், இத்தாலி வழியே வந்ததால் க். (ஷிவல்ரி உண்மையில் நார்மன் காலத்துச் சொல். முதலில் ச் என்றுதான் சொன்னார்கள். பின்னால் பிரெஞ்சு மோகத்தில் ஷ் ஆக்கிவிட்டார்கள். நான் சொல்லும் விதிக்கு இப்படி ஓட்டைகள் உண்டு.)

அமெரிக்காவில் இருக்கும் ஷிகாகோவுக்கும் ஷ் வந்தது பிரான்சால். அது பழங்குடி மக்களின் சொல், காட்டு வெங்காயத்தைக் குறிப்பது. முதலில் எழுதி வைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் காதில் விழுந்த ஷ்-ஐ அவர்கள் வழக்கப்படி சி, எச் என்று எழுதினார்கள்.

இங்கே நம் ஊருக்கு வந்தாக வேண்டும். புதுச்சேரிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வந்தது 1674-இல். கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர்கள் 1690-இல் கோட்டையை வாங்கி, செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் சி, எச் குரல் மாறும். நம் ஊர்ப் பெயரை இரண்டு பேருமே சி, எச் போட்டுத்தான் எழுதினார்கள். கடலூர் ஆங்கிலேயர் அதைப் பாண்டிச்செரி என்று படித்தார், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் போந்திஷெரி என்று படித்தார். அசலில் இருக்கும் 'ச்சே' ஆங்கிலேயர் வாயில்தான் கொஞ்சம் பிழைத்தது.

ஷ் ஆகிவிடும் என்று தெரிந்ததால், நம் ஆட்களின் பெயரில் ச் வேண்டும் என்றால் பிரெஞ்சுக்காரர்கள் முன்னால் ஒரு டி சேர்த்தார்கள். லட்சுமி என்ற பெயரைப் பிரெஞ்சு முறையில் எழுதினால் டி, சி, எச் மூன்றும் வரிசையாக நிற்கும். ஆப்பிரிக்காவில் இருக்கும் சாட் நாட்டுக்கும் பிரெஞ்சில் அப்படித்தான் எழுத்து. எங்கள் அச்சகத்துக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளில் முருகன் என்பது 'ஓ, யு' எல்லாம் போட்டு, கடைசியில் ஒரு 'இ'யும் வைத்து வரும். புதிதாக வேலைக்குச் சேரும் பையன் அதைத் தப்பென்று நினைத்துத் திருத்துவான், அப்புறம் வாங்கிக் கட்டிக்கொள்வான். கடைசி 'இ' இல்லாவிட்டால் பிரெஞ்சுக்காரர் 'ன்' என்பதை மூக்கோடு நிறுத்திவிடுவார்.

க் என்றால் கிரேக்கம்

மூன்றாவது கூட்டம்தான் மாணவர்களுக்கு அதிகம் பயன்படும், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் பாதி இதுதான். கிரேக்கத்தில் 'கை' என்று ஓர் எழுத்து உண்டு, பெருக்கல் குறி மாதிரி இருக்கும். மூச்சு கலந்த க். ரோமானியர்கள் அதற்கு ஈடாகச் சி, எச் எழுதினார்கள். ஆங்கிலத்தில் க் என்று ஒலிக்கும் சி, எச் அநேகமாக இந்தக் 'கை'தான். மருத்துவம், அறிவியல், தத்துவம், திருச்சபை, நாடகம் என்று கிரேக்கர்கள் கை வைத்த துறைகளில் எல்லாம் வரும்.

டாக்டர் சீட்டிலிருந்தே தொடங்கலாம். என் பெரியம்மாவுக்கு மூட்டுவலி. டாக்டர் 'கிரானிக்' என்று சொல்லிவிட்டார் என்று வீட்டில் ஒரே அழுகை, ஏதோ முற்றிய கேஸ் என்று புரிந்துகொண்டார்கள். க்ரோனோஸ் என்றால் கிரேக்கத்தில் காலம். கிரானிக் என்றால் நாள்பட்டது, அவ்வளவுதான். லேசான வலியும் கிரானிக்காக இருக்கலாம். திடீரென்று வந்து வாட்டுவதற்கு அக்யூட் என்று பெயர். கால வரிசைக்குக் க்ரோனாலஜி, இரண்டு கடிகாரத்தை ஒரே நேரத்துக்கு வைப்பது சிங்க்ரனைஸ். எல்லாவற்றிலும் அந்தக் காலம் உட்கார்ந்திருக்கிறது.

கொலஸ்ட்ரால் என்ற சொல்லிலும் மெலன்கலி என்ற சொல்லிலும் ஒரே பித்தம் இருக்கிறது. கோலே என்றால் கிரேக்கத்தில் பித்தம். கொலஸ்ட்ராலை முதலில் பித்தப்பைக் கல்லில் கண்டார்கள். மெலன்கலி என்றால் 'கரும்பித்தம்'. உடம்பில் கரும்பித்தம் கூடினால் மனம் சோர்ந்துவிடும் என்று பழைய கிரேக்க வைத்தியர்கள் நம்பினார்கள். "பித்தம் தலைக்கேறிடுச்சு" என்று திட்டும் நம் பாட்டிகளுக்கு அந்த வைத்தியர்களோடு பேசுவதில் சிரமம் இருந்திருக்காது.

குளோரோஃபில் என்றால் 'பச்சை இலை', குளோரின் பச்சை கலந்த மஞ்சள் நிற வாயு. இரண்டிலும் வெளிர்பச்சையைக் குறிக்கும் க்ளோரோஸ். க்ரோமோசோம் என்றால் 'நிறமுள்ள உடல்', சாயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்வதால் வந்த பெயர். எழுத்துக் கூட்டுவதற்குள் மூச்சு வாங்கும் க்ரைசாந்திமம் வேறொன்றுமில்லை, நம் சாமந்தி. க்ரைசோஸ் பொன், ஆந்திமோன் பூ. பொன்பூ. பூக்கடையில் மஞ்சள் சாமந்திக் குவியலைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஸ்கூல் என்பதன் மூலமான ஸ்கோலே என்ற சொல்லுக்கு ஓய்வு என்று பொருள். வேலை வெட்டி இல்லாத நேரத்தில் உட்கார்ந்து பேசுவது, பேசிப் பேசிக் கற்பது, அதற்கான இடம் என்று பொருள் நகர்ந்தது. காலையில் டியூஷன், மாலையில் டியூஷன் என்று ஓடும் பக்கத்து வீட்டுப் பையனிடம் இதைச் சொன்னேன். "நல்லா சொல்றீங்க மாமா" என்று நகர்ந்துவிட்டான்.

ஆர்க்கிடெக்ட் என்பதில் ஆர்க்கி என்றால் தலைமை, டெக்டோன் என்றால் தச்சர். அப்படியே நம் பெருந்தச்சன். மன்னரைக் குறிக்கும் மோனார்க் 'ஒற்றைத் தலைமை', அனார்க்கி 'தலைமையே இல்லாத நிலை'. ஆர்க்கியாலஜி வேறு வழியில் வந்த சொல், ஆர்க்கையோஸ் என்றால் பழமையானது. அந்தச் சொல்லுக்கு எங்களிடம் நல்ல உதாரணம் உண்டு. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானியச் சாடிகளும் மண்பாண்டங்களும் கிடைத்தன. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல்வழிக் குறிப்பு ஒன்றில் 'பொதுகே' என்று வரும் துறைமுகம் இதுதான் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் முன்னால், மூன்றாவது குரலும் இந்தக் கரைக்கு வந்து போயிருக்கிறது.

அதே ஆர்ச், மிஷன் வீதியில் சம்பா கோயிலுக்குப் போனால் வேறு மாதிரி ஒலிக்கும். அங்கே இருப்பவர் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பேராயர். ஆங்கிலத்தில் ஆர்ச்பிஷப், ச். தலைமைத் தேவதூதர் மட்டும் ஆர்க்கேஞ்சல், க். பிஷப்போடு சேர்ந்தது பழைய ஆங்கிலக் காலத்திலேயே வந்து உள்ளூர் ஒலிக்கு மாறிவிட்டது. சர்ச் என்ற சொல்லே மூலத்தில் கிரேக்கம்தான், 'ஆண்டவருடையது' என்று பொருள். ஆனால் ரொம்ப முன்னாலேயே வந்ததால் சின், சீஸோடு சேர்ந்து அதுவும் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது. ஊர் மட்டும் தெரிந்தால் போதாது, எப்போது வந்தது என்பதும் வேண்டும்.

மெஷின், மெக்கானிக் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கிரேக்கச் சொல்லின் இரண்டு பேரன்கள். ஒருவன் பிரான்சில் தங்கி வந்தான், ஷ். மற்றவன் லத்தீனோடு நேராக வந்தான், க். ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வேலை பார்க்கிறார்கள்.

அவசரத்துக்கு

புதுச் சொல் ஒன்று எதிரில் வந்தால் நான் பார்ப்பது இவ்வளவுதான். சி, எச்-க்கு அடுத்து ஆர் அல்லது எல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், க்: கிறிஸ்மஸ், க்ரோம், குளோரின். முன்னால் டி இருந்தால் ச்: கிச்சன், மேட்ச், வாட்ச். சொல்லின் கடைசியில் சி, எச், இ என்று முடிந்தால் பெரும்பாலும் ஷ்: மஸ்டாஷ், கீஷ். மற்றபடி சாப்பாட்டு மேசையா, ஆஸ்பத்திரியா, அடுப்பங்கரையா என்று யோசித்தால் பத்தில் எட்டு சரியாக வரும்.

மீதி இரண்டு? அதில் சில, படித்தவர்கள் செய்த கோளாறு. வலியைக் குறிக்கும் ஏக் என்ற சொல், ஹெட்ஏக்கில் வருவது, சுத்தமான ஆங்கில மண் சொல். வினைச்சொல்லாக இருந்தபோது கே போட்டுத்தான் எழுதினார்கள். 1755-இல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன் அது கிரேக்கத்திலிருந்து வந்தது என்று தவறாக நினைத்தார், சி, எச் நிலைத்துவிட்டது. நங்கூரத்தைக் குறிக்கும் ஆங்கர் என்ற சொல்லிலும் எச் அப்படி நடுவில் நுழைந்ததுதான். யாட் என்ற உல்லாசப் படகில் சி, எச் எழுத்தில் உண்டு, வாயில் கிடையாது; டச்சு மொழியில் வேட்டைக் கப்பலைக் குறித்த சொல் அது. இத்தாலியக் கடைகளில் கிடைக்கும் ப்ருஸ்கெட்டாவில் க் வரும். இத்தாலியில் எச் போடுவதே, ச் ஆகிவிடாமல் க்-கைக் காப்பதற்குத்தான். சாக்லேட்டும் சில்லியும் மெக்சிகோவிலிருந்து ஸ்பானியர் வழி வந்தவை, ச்.

நம்மிடமிருந்து போன ஒன்றும் உண்டு. ஆங்கில அகராதியில் சி, எச் போட்டு 'ஷெரூட்' என்று ஒரு சொல் இருக்கும். இரண்டு முனையும் வெட்டிய புகையிலைச் சுருள் என்று பொருள் எழுதியிருப்பார்கள். அது நம் சுருட்டு. தமிழ்ச் சுருட்டில் ஷ் எங்கிருந்து வந்தது? பிரெஞ்சு, போர்ச்சுகீசிய வாய்கள் வழியே போயிருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த இரண்டு மொழியிலும் சி, எச் என்றால் ஷ்தான். சொல்தா தாத்தாவிடம் இதைச் சொன்னபோது, காதில் செருகியிருந்த சுருட்டை எடுத்து ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார்.

இப்போது நான் வேலை பார்ப்பது கடலூரில். சாயங்காலம் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு நடந்து வருவேன். ச்-சா, ஷ்-ஷா என்று வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்தால், கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு சி, எச்-சையே கழற்றி எறிந்துவிட்டுக் கூவிக்கொண்டிருப்பார்: "பாண்டி, பாண்டி, பாண்டி! ஏறு, ஏறு!"